மல்லிகை நாற்றுக்குக் குதிரை லத்தித் தண்ணீர்

மூன்றாவது டிரம்மில் குதிரை லத்தி ஊறிய தண்ணீரை ஆறு வாரமாக ஊற்றிவந்ததில், மல்லிகை நாற்றுகள் இப்போது பைக்கு மூன்று நான்கு புதுத் துளிர்களுடன் நிற்கின்றன. அதற்கு முந்தைய இரண்டு டிரம்களில் முதலாவது நாற்றைக் கருக்கியது. இரண்டாவது வேண்டாத களையை முளைக்க வைத்தது. கருகியதற்கு நான் முதலில் லத்தியைத்தான் குறை சொன்னேன். கெடுத்தது லத்தி அல்ல, என் கிணற்றுத் தண்ணீர் என்று தெரிய ஒரு மாதம் பிடித்தது. இதே கரையில் வேறு யாராவது முயன்றால் அந்த ஒரு மாதமாவது அவர்களுக்கு மிஞ்சட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் நாற்றங்கால் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ முந்நூறு மீட்டர் தள்ளி, தென்னைக்கு நடுவே இருக்கிறது. பதியன் வேர்விட்டு எடுத்து வைத்த பைகள் 1,200; அவை போகத் தாய்ச்செடிகள் நூறு. மண் என்று சொல்வதைவிட மணல் என்று சொல்வதே பொருந்தும். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் கீழே இறங்கிவிடும், உரத்தின் சத்தையும் அரித்துக்கொண்டு போய்விடும். ஒரே தடவையில் நிறைய உரம் வைப்பது இந்த மணலில் பாதி நஷ்டம். எனவே கொஞ்சமாகவும் அடிக்கடியும் கொடுக்கத்தக்க திரவ உரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கப்பலில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய கரை என்று இந்தப் பக்கத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். இன்றைக்கு லத்திக்கு அலைய வேண்டியிருக்கிறது. யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டிருந்த குதிரைவண்டிகளின் இடத்தை ஆட்டோ பிடித்துக்கொண்டது. கடைசியில், வண்டிப் பந்தயத்துக்காக இரண்டு குதிரை வளர்க்கும் ஒருவர் பாம்பன் பக்கம் கிடைத்தார். காசு வேண்டாம் என்றவர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "தம்பி, அள்ளுனா முழுசா அள்ளிட்டுப் போயிருங்க. பாதிய விட்டுட்டுப் போனா ஈ மொய்ச்சுக் குதிரை நிக்காது." நன்றாக வளர்ந்த குதிரை ஒன்று லத்தியும் மூத்திரமுமாக ஒரு நாளைக்கு இருபது கிலோவுக்கு மேல் போடும் என்பதால், நான்கு நாளுக்கு ஒருமுறை போனாலே எட்டுச் சிமெண்டுச் சாக்கு நிறைந்துவிடுகிறது. தூக்குத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். சாக்கு ஒன்றுக்குச் சராசரி 19 கிலோ, ஆக ஒரு நடைக்கு 150 கிலோ. சரக்கு ஆட்டோ வாடகை 300 ரூபாய்.

மாட்டுக்குச் சாணம், ஆட்டுக்குப் புழுக்கை, குதிரைக்கு லத்தி என்று நம் மொழி பெயரைப் பிரித்து வைத்திருப்பதில் பொருள் இருக்கிறது என்பதை நான் கையால் பிசைந்த பிறகுதான் உணர்ந்தேன். மாடு அசைபோட்டுத் தின்பதால் சாணம் மாவு போலக் கரைகிறது. குதிரை அசைபோடுவதில்லை. அதன் லத்தியைப் பிட்டால் புல்லின் நார் அரை விரல் நீளத்துக்கு அப்படியே வருகிறது. நடுவே கொள்ளுத்தோலும் சில சமயம் முழுக் கொள்ளும் கிடக்கின்றன. தண்ணீரில் போட்டால் உருண்டை உருண்டையாக மிதக்கிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகும், மாட்டுச் சாணம், மூத்திரம், வெல்லம் கரைத்து ஊறவைக்கும் ஜீவாமிர்தத்தின் முறையையே நான் முதல் டிரம்முக்குப் பயன்படுத்தியதுதான் முதல் தவறு.

புரட்டாசியில் போட்ட அந்த டிரம்மின் அளவு இதுதான்: 200 லிட்டர் நீல டிரம்மில் கிணற்றுத் தண்ணீர் 150 லிட்டர், அன்றைக்கு அள்ளிய பச்சை லத்தி 30 கிலோ, வெல்லம் இரண்டு கிலோ. ஈ வரக்கூடாது என்று மூடியை இறுக்கி வளையமும் பூட்டினேன். மூன்றாம் நாள் காலையில் மூடி தோசைக்கல்லைக் கவிழ்த்ததுபோல மேல்நோக்கிப் புடைத்திருந்தது. வளையத்தைத் தளர்த்தியவுடன் நுரை பொங்கி என் வேட்டி வரை வந்தது. அழுகிய முட்டை நாற்றம் அடுத்த தெரு வரை போனது. உவர்த்தண்ணீரில் உள்ள சல்பேட்டை, காற்றுப் படாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இந்த நாற்றமாக மாற்றுகின்றன. அவற்றுக்கு வேண்டிய வெல்லத்தை நானே கொட்டி, மூடியையும் இறுக்கிக் கொடுத்திருந்தேன். "என்னப்பா, கருவாடு எதுவும் புழுத்துப்போச்சா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பெரியம்மா கேட்டார். அதற்கு மேல் மூடிவைக்க மனம் வரவில்லை. திறந்து போட்டு, பத்து நாள் கழித்து வடிகட்டி, ஒன்றுக்கு ஒன்பது பங்கு கிணற்றுத் தண்ணீர் கலந்து இருநூறு பைகளுக்கு ஊற்றினேன்.

எட்டாம் நாள் இலை நுனிகள் பழுப்பாகக் காய்ந்தன. ஓரத்திலிருந்து உள்நோக்கி, நெருப்புப் பட்ட காகிதம் போல. சத்து கூடிவிட்டது என்று எண்ணி அடுத்த ஐம்பது பைகளுக்கு ஒன்றுக்கு இருபது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினேன். அங்கும் கருகியது. நீர்க்க நீர்க்கக் குறைய வேண்டிய கருகல் குறையாமல் இருந்ததே அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

உண்மை வேறொரு வேலையில் வெளிப்பட்டது. வீட்டில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி பொருத்த வந்தவர் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைப் பேனா அளவில் வைத்திருந்தார். அதைக் கேட்டு வாங்கி வரிசையாக முக்கிப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீர் 1,900. டிரம்மின் அடியில் மிஞ்சியிருந்த திரவம் 5,200. இந்தக் கணக்கை வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் போட்டேன்: 5,200-உடன் ஒன்பது பங்கு 1,900 சேர்த்துப் பத்தால் வகுத்தால் 2,230 வருகிறது. இருபது பங்கு சேர்த்தாலும் 2,050-க்கு மேலேதான் நிற்கும். உப்புத் தண்ணீரை எவ்வளவு ஊற்றி நீர்த்தாலும், அந்தத் தண்ணீரின் உப்புக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. பழகிய தாய்ச்செடிகள் அந்தக் கிணற்று நீரைத் தாங்கிக்கொண்டிருந்தன. இளநாற்றுக்கு அதுவே விளிம்பு, அதன்மேல் லத்தியின் உப்பும் குதிரைக் கொட்டிலில் ஊறிய மூத்திரத்தின் உப்பும் ஏறின. மறுநாளே 250 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன். இந்த வேலைக்கு வாங்கிய பொருள்களில் விலைக்கு மிஞ்சிய பயன் தந்தது அதுதான்.

நல்ல தண்ணீருக்கு மூன்று வழி இருந்தன. குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் வீட்டுச் செலவுக்கே கணக்காக வருகிறது. கடற்கரை மணலில் தோண்டும் ஊற்றில் அளந்தபோது 420 காட்டியது. ஆனால் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பக் காத்திருப்பவர்களுக்கு முன்னால் நின்று உரத்துக்கு மொள்ளுவது முறையாகாது. எஞ்சியது மழை. ஐப்பசி பிறந்திருந்தது. வெங்காயமும் உரமும் அடுக்கும் கொட்டகையின் தகரக் கூரை இருபது அடிக்குப் பத்து அடி, அதாவது ஏறக்குறைய 18.6 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 186 லிட்டர் விழும்; கடற்காற்று கூரையில் படியவைத்த உப்பைக் கழுவிவரும் முதல் வடிநீரை ஒதுக்கினால் 150 லிட்டர் சேரும். முதல் வடிநீரை அளந்தபோது 310, கால் மணி நேரம் கழித்துப் பிடித்தது 50. எனவே முதல் பத்துப் பதினைந்து நிமிட நீரைத் தென்னைக்கு விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்பினேன். வீட்டில் சும்மா கிடந்த 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி கார்த்திகைக்குள் இருமுறை நிறைந்தது.

இரண்டாவது டிரம்மில் தண்ணீர் சரியாக இருந்தது, மற்றவற்றில் சறுக்கினேன். பச்சை லத்தி வேண்டாம் என்று முடிவெடுத்து இரண்டடி உயரத்தில் ஒரு சிறு குவியல் போட்டு இரண்டு வாரம் மக்கவைத்தேன். அந்தக் குவியல் சூடேறவே இல்லை. மேலாக மழை நனைத்தது, பக்கவாட்டில் கடற்காற்று உலர்த்தியது, நடுவில் கைவைத்தால் வெதுவெதுப்புக்கூட இல்லை. அதை அப்படியே டிரம்மில் கொட்டி, பனைமட்டை ஒன்றால் நாளைக்கு மூன்று முறை கலக்கினேன். மட்டையின் இருபக்கக் கருக்கைச் சீவாமல் எடுத்தது மடத்தனம். இரண்டாம் நாள் கலக்கும்போது மட்டை வழுக்கி, உள்ளங்கையில் ரம்பம் இழுத்தது போலக் கிழித்தது. குதிரை லத்தியில் டெட்டனஸ் என்னும் வில்வாதக் கிருமியின் வித்துகள் இருக்கும் என்பதால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து ரப்பர் கையுறை இல்லாமல் லத்தியைத் தொடுவதில்லை. மட்டைக்குப் பதில் சவுக்குக் கழி.

ஐந்தாம் நாள் எடுத்த தண்ணீர் தெளிந்த கடுங்காப்பி நிறத்தில், மழைக்குப் பின் தோட்டத்தில் வரும் மண் வாசனையோடு இருந்தது. மீட்டரில் 1,300. நான்கு பங்கு மழைநீர் கலந்தால் 300. நாற்று கருகவில்லை. ஆனால் கைத்தெளிப்பானின் முனையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி ஊசியால் குத்த வேண்டியிருந்தது. நார்த்துணுக்கு அத்தனையும் உள்ளே போய்விட்டது. வெறுத்துப்போய்ப் பூவாளிக்கு மாறினேன். அதன் சல்லடையும் அடைத்தது. டிரம்மில் தங்கிய சக்கையை வீணாக்க மனமில்லாமல் பைகளின் மேல் ஒரு பிடி ஒரு பிடியாகப் போட்டேன்.

பதினைந்து நாளில் மல்லிப் பைகளில் சீமைக்கருவேலம் முளைத்தது. ஒன்றிரண்டு அல்ல, நூறு பையில் எழுபதுக்கு மேல், நெருஞ்சியையும் சேர்த்து. குதிரைக்காரரிடம் போய்க் கேட்டபோது சிரித்தார். "மேயவிட்டா காய் பொறுக்காமயா இருக்கும்? இனிப்பா இருக்கும்ல." நெற்றின் சதை செரித்து, விதை மட்டும் உரமும் ஈரமுமாகச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது. இராமநாதபுரம் மாவட்டம் முழுக்க எதை அழிக்க வேண்டும் என்று மண்வெட்டியும் பொக்லைனுமாகத் திரிகிறோமோ, அதை நான் பை பையாக நட்டு வளர்த்திருந்தேன். பிஞ்சிலேயே பிடுங்க இரண்டு ஆளுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. முள் அப்போதே இருந்தது.

அதே பேச்சில் இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொண்டேன். குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுத்த பிறகு சில நாளுக்கு அந்த மருந்து லத்தியில் இறங்கும். மண்புழுவுக்கும் சாணவண்டுக்கும் அது ஆகாது. மருந்து கொடுத்த நாளைச் சொல்லுங்கள், இரண்டு வாரம் தள்ளி வருகிறேன் என்றேன். சுவரில் கரிக்கோடு போட்டு வைக்கிறார்.

மூன்றாவது முறை குவியலிலிருந்தே ஒழுங்காகத் தொடங்கினேன். ஒரு நடை லத்தி முழுவதையும், கொட்டிலின் வைக்கோலோடு, பழைய வேலிக் கம்பிவலையை வட்டமாக வளைத்து அதற்குள் அடைத்தேன். மார்பளவு உயரம், மூன்றரை அடிக் குறுக்களவு. கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரும் அளவுக்கு மட்டும் ஈரம். மேலே தென்னங்கீற்று, காற்று வரும் பக்கம் ஓலைப்பாய். வெப்பமானி இல்லாததால் முக்கால் அங்குல இரும்புக் கம்பியை நடுவரை செருகி, கால் மணி நேரம் விட்டு உருவி, அதன் முனையை எத்தனை எண்ணும் வரை கையால் பிடிக்க முடிகிறது என்று பார்த்தேன். முதல் நாள் எவ்வளவு நேரமும் பிடிக்கலாம். நான்காம் நாள் ஐந்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். ஆறாம் நாள் இரண்டு. விடியலில் கீற்றைத் தூக்கினால் ஆவி எழுந்தது. சூடு தணியத் தணிய, வாரத்துக்கு ஒருமுறை, வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிப் புரட்டினேன், மூன்று புரட்டு. ஐந்தாம் வாரம் குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, கறுத்து, லத்தி வாசனை போய்விட்டது. நிறுத்ததில் 75 கிலோ. ஒரு தட்டில் இரண்டு பிடி பரப்பி நனைத்துப் பத்து நாள் வைத்தேன். சீமைக்கருவேலம் ஒன்றுகூட முளைக்கவில்லை.

அதில் 12 கிலோவைக் கோணிச்சாக்கில் கட்டி, சாக்குக்குள் ஒரு பழைய நைலான் கொசுவலையையும் உறையாகப் போட்டு, டிரம்மின் குறுக்கே வைத்த கழியில் தொங்கவிட்டேன். மழைநீர் 120 லிட்டர். வெல்லம் இல்லை, மூடி இல்லை. வாயில் வேட்டித்துணி மட்டும் கட்டியிருந்தது. மீன்தொட்டிக்குக் காற்று ஊதும் சிறு மோட்டாரின் குழாயை அடிவரை விட்டேன். முதல் இரவே மின்சாரம் போயிற்று. மோட்டாரைத் தரையில் வைத்திருந்தேன். ஊதல் நின்றவுடன் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கி, காலையில் மோட்டார் லத்தித் தண்ணீர் குடித்துச் செத்துக் கிடந்தது. 380 ரூபாய் போனது. இரண்டாவது மோட்டாரை டிரம்மின் விளிம்புக்கு ஓரடி மேலே ஆணியில் மாட்டினேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் திரும்பி வர வழியில்லை.

ஒன்றரை நாள் ஊதியது போதுமானதாக இருந்தது. மீட்டரில் 1,450. அடியிலிருந்து ஆறு அங்குல உயரத்தில் பொருத்திய குழாயைத் திறந்தால் வண்டல் கலக்காமல் 100 லிட்டர் வந்தது. நான்கு பங்கு மழைநீர் கலந்து 500 லிட்டர் ஆக்கியபோது 330. இதையே கிணற்று நீரில் கலந்திருந்தால் 1,810 ஆகியிருக்கும். பைக்குக் கால் லிட்டர் வீதம் 1,200 பைக்கு 300 லிட்டர், மீதியைத் தாய்ச்செடிக்கு இரண்டு லிட்டர் வீதம். பூவாளி ஒருமுறைகூட அடைக்கவில்லை. காற்று நிறுத்திய அன்றே ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். அரைவாளி எடுத்து வைத்துப் பார்த்தேன், மூன்றாம் நாளிலேயே, முதல் டிரம்மில் வந்த பழைய நாற்றம் எட்டிப்பார்த்தது. மல்லி என்பதால் எனக்குக் கவலை இல்லை. கீரை, தக்காளி போன்று பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வாய்க்குப் போகும் எதன்மேலும் இந்தத் தண்ணீரைத் தெளிக்க மாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே வயது நாற்றில் பத்துப் பத்துப் பையாக மூன்று வரிசை ஒதுக்கியிருந்தேன். மழைநீர் மட்டும் பெற்ற வரிசையில் ஆறு வாரத்தில் மொத்தம் 14 துளிர். கிணற்று நீர் மட்டும் பெற்றதில் 9. லத்தித் தண்ணீர் பெற்றதில் 33. முப்பது பையை வைத்து ஊருக்கு விதி சொல்ல முடியாது. ஆனால் கிணற்று நீர் வரிசைக்கும் மழைநீர் வரிசைக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வெற்றியில் லத்திக்கு முழுப் பங்கையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை லத்தியால் சரிசெய்ய முடியவில்லை. தாய்ச்செடிகளின் கொழுந்திலைகள் நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தன. மூன்று முறை ஊற்றியும் மாறாததால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்துத் தெளித்தேன். பத்து நாளில் பச்சை திரும்பியது. அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்புச் சிப்பி கலந்த இந்த மணலில் அது இருக்கத்தான் செய்யும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிரம் 900, குழாயும் இணைப்பும் 160, மீட்டர் 250, செத்ததும் உயிரோடிருப்பதுமாக மோட்டார் இரண்டு 760, கோணிச்சாக்கு இரண்டு 80. ஆக 2,150 ரூபாய். ஒரு நடை லத்தியில் ஆறு டிரம் வருவதால், வாடகையைப் பிரித்தால் டிரம்முக்கு 50 ரூபாய். களை பிடுங்கிய கூலியையும் முதல் டிரம்மில் கருகிய பைகளையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வீட்டில் என்னைப் பேச விடமாட்டார்கள்.

ஒரு தடவைக்கு 520 லிட்டர் மழைநீர் ஆகிறது என்பதால் நிறைந்த தொட்டி நான்கு தடவைக்குக்கூட முழுதாக வராது. பங்குனிக்குள் தீர்ந்துவிடும். அடுத்த ஐப்பசிக்கு முன் இரண்டாவது தொட்டி வாங்க வேண்டும். அதுவரை கோடையில் இதை நிறுத்திவைத்து, மக்கிய லத்தியைப் பைமண்ணிலேயே பத்துக்கு ஒரு பங்கு கலந்து பார்க்கப் போகிறேன். சாக்கைத் தொங்கவிடும் கழிக்குப் பதில் ஒரு கப்பி போட்டால் இடுப்பு பிழைக்கும். ஊறிய சாக்கு முப்பது கிலோவுக்குக் குறையாது.

அடுத்த குவியலைப் போட்டு ஐந்து நாளாகிறது. இன்று காலை கம்பியை உருவியபோது மூன்று எண்ணும் வரைதான் பிடிக்க முடிந்தது.